இக்கரையில் வாழப் பழகிய கதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பிரிவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இச்சொற்பொழிவை ஒருவர் நின்று வாசித்தாலும் இஃது அறுவர் கூடி ஆக்கியது. ஆகையினால் 'நான்' என்னாது 'நாங்கள்' என்றே பேச அனுமதி வேண்டுகின்றோம். நாங்கள் அறுவரும் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிறந்தவர்கள். மிஷன் பாடசாலைகளிற் படித்தவர்கள். இப்பொழுது சர்வகலாசாலை மாணவர்கள். காலையிலே பாடசாலை மண்டபத்தில் ஞானப்பாட்டும், மாலையிலே கோயில் மண்டபத்தில் தேவாரமும் பாடி வளர்ந்தோம். இரண்டு இடத்திலும் எங்களை அன்போடுதான் வைத்திருந்தார்கள்.

சென்ற ஆண்டு இச்சங்கம் எங்களுக்கு ஒரு பணி இட்டது. நம் பெரியோர் கடல் கடந்து இத்தீவுக்கு வந்து வாழப் பழகிய வரலாற்றை, அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதே அப்பணி. ஞாயிற்றுக்கிழமைகளிலே வீடு வீடாகப் போய்க் கேட்டோம். அப்பணியைப் பெருமையோடு தொடங்கினோம், வெட்கத்தோடு முடித்தோம். அவ்வெட்கத்தின் காரணத்தைப் பின்னர் சொல்லுவோம். முதலிற் கதையைக் கேளுங்கள்.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். புறக்கோட்டை என்றால் கோட்டைக்கு வெளியே உள்ள இடம். சிங்களத்திலே 'பிட்டகொட்டுவ' என்பதற்கும் பொருள் அதுவே. ஆங்கிலத்திலே 'பெட்டா' என்று வழங்குவது நம்முடைய 'பேட்டை' என்னும் சொல்லே. கோட்டை கட்டியவர்கள் உள்ளே இருந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் வெளியே இருந்தார்கள். செட்டியார் தெருவிலே கதிர்வேலாயுத சுவாமி கோயில்கள், இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்புப் பள்ளிவாசல், சற்று மேட்டிலே ஒல்லாந்தர் கட்டிய வொல்வெண்டால் ஆலயம், கொச்சிக்கடையிலே அந்தோனியார் கோயிலும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும். கால் மணி நேரம் நடந்தால் இவை அனைத்தையும் காணலாம். வந்தவன் ஒவ்வொருவனும் முதலில் ஒரு தெய்வத்துக்கு இடம் பார்த்தான். பிறகுதான் தனக்குப் பாய் விரித்தான்.

இனி, வந்த வழியைப் பார்ப்போம். 1820களிலே கம்பளைப் பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதற்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். உயிரோடு சேர்ந்தவர்கள் மாத்தளையிலே மாரியம்மனைக் கும்பிட்டு மலையேறினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை நட்டுவிட்டார். பயிர் மாறியது, ஆனால் ஆள் மாறவில்லை. அவர்கள் வழிநடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களின் நடைபவனி ஒன்று நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

மொரீசியசுக்கும் நாத்தாலுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஒப்பந்தத்தாளிலே கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். இலங்கைக்கு வந்தவர்களிடம் அத்தகைய ஒப்பந்தத்தாள் பெரும்பாலும் இல்லை, கங்காணி இருந்தார். வழிச்செலவும், போர்த்தக் கொடுத்த கம்பளியும், அளந்து கொடுத்த அரிசியும் கடனாக அவர் கணக்கில் ஏறின. கடன் தொகை எழுதிய 'துண்டு' ஒன்றைக் கொண்டே ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு மாற முடியும். அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. வெயில் காய்ந்த சீமையிற் பிறந்தவர்கள், ஆறாயிரம் அடி உயரத்துப் பனியிலே, 10 அடிக்கு 12 அடி லயத்து அறையிலே, விடியுமுன் தப்பு அடித்தால் எழுந்து பெரட்டுக்கு நிற்கப் பழகினார்கள். பழகினார்கள் என்று ஒரு சொல்லிலே சொல்லிவிட்டோம். எத்தனை குழந்தைகள் அந்தக் குளிரிலே போயின என்பதை அச்சொல் சொல்லாது.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறந்தபின் வழி சுலபமாயிற்று. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால், தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் பிடித்து, ஏறக்குறைய 22 மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மறுபடியும் புகையிரதம் ஏறிக் கொழும்புக்கு வந்துவிடலாம். நம் பெரியோருட் பலர் இவ்வழியாகத்தான் புறக்கோட்டைக்கு வந்தார்கள்.

அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அவருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் அவரைத் தாத்தா என்போம். அந்நாளைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவர். 1947 தை மாதம், பன்னிரண்டாம் வயதிலே, தாய்மாமனுடன் வந்து இறங்கியிருக்கிறார். மாமனுக்கு ஒரு துணிக்கடையிலே கணக்கு வேலை. தாத்தாவுக்குக் கூட்டுகிற வேலை. கடையின் மேற்றட்டிலே துணிமூட்டைகளுக்கு நடுவே படுக்கை.

"முதலில் எதற்குத் தாத்தா பழகினீர்கள்?" என்று கேட்டோம். "மழைக்கு" என்றார். அவருடைய ஊரிலே ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழையைப் போல மூன்று பங்கு கொழும்பிலே பெய்யும். இங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர். வைகாசி பிறந்தால் தென்மேற்குக் காற்று. ஐப்பசியிலே பிற்பகல் இடியும் மின்னலும். ஊரிலே மழை வந்தால் பிள்ளைகள் ஓடி நனைவார்கள். இங்கே நனைந்த வேட்டி மூன்று நாளும் காயாது. தோற்செருப்புப் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டையிலே துணி வாடை அடிக்கும். "மழையைக் கண்டு பயந்தது வாழ்க்கையிலே அதுதான் முதல் தடவை" என்று சிரித்தார்.

அடுத்தது வாய். நல்லெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய். வெள்ளை அரிசிக்குப் பதிலாகச் சிவப்பரிசிச் சோறு. காலையிலே பாணும் சம்பலும். சைவக்காரராகிய மாமன், பருப்புக் கறியிலே மாசிக் கருவாட்டுத் தூள் கிடந்ததைக் கண்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தாராம். மூன்றாம் நாள் செட்டியார் தெருவிலே ஒரு சைவக்கடையைக் கண்டுபிடித்து, அன்றுமுதல் அங்கேயே சாப்பாடு.

வாய் பழகியது, ஆனால் பேச்சுப் பழகவில்லை. தமிழ் நாட்டிலிருந்து தமிழ் வழங்கும் இடத்துக்குத்தானே வந்தார் என்று நினைப்பீர்கள். நாற்காலி இங்கே கதிரை, சோப்பு சவர்க்காரம், சர்க்கரை சீனி. இவையெல்லாம் சிறு சங்கடங்கள். ஒரு நாள் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்து, "தம்பி, உங்கட முதலாளி நேற்று என்னைப் பேசிப்போட்டார்" என்று முகம் வாடிச் சொன்னாராம். தாத்தா மகிழ்ந்து, "நல்லபடியாத்தான் பேசியிருப்பார் ஐயா" என்றாராம். யாழ்ப்பாணத்திலே பேசுவதென்றால் ஏசுவது, கதைப்பதே உரையாடுவது என்று அவர் அறிந்தபோது, பெரியவர் தெரு முனையைத் தாண்டிவிட்டார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் பின்னாளில் அவருக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தாராம்.

சிங்களம் கற்பித்தவரோ மூட்டை சுமந்த ஒரு சிங்கள நாட்டாமை. மூட்டை இறக்கும்போது எக்க, தெக்க, துன என்று எண்ணச் சொல்லிக்கொடுத்தார். பிறகு 'கீயத' என்றால் என்ன விலை என்று. அக்கா என்பது சிங்களத்திலும் அக்காவே என்றும், கடை அங்கே 'கடே' என்றும், இடியப்பம் 'இந்தியாப்ப' என்றும் அறிந்தபோது தாத்தாவுக்குப் பாதிப் பயம் தெளிந்ததாம். 1983 ஆடியிலே புறக்கோட்டைக் கடைகள் எரிந்த நாளில், அந்த நாட்டாமையின் மகன்தான் கடையின் கணக்குப் புத்தகங்களைத் தன் வீட்டிலே ஒளித்துவைத்து, மூன்று வாரங்களின் பின்னர் கொண்டுவந்து கொடுத்தாராம். எரித்தவர்களைப் பற்றித் தாத்தா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பற்றி மூன்று முறை சொன்னார்.

பெரியோர்களே, உடலும் வாயும் நாவும் பழகின. ஆனால் பழகவொட்டாத ஒன்று இருந்தது. அது காகிதம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இத்தீவிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொல்லியது. லயத்திலே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பத்தாட்சி எங்கே? இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித்தந்த இலட்சக்கணக்கான மக்கள் எந்த நாட்டுக்கும் உரியவராகாது நின்றனர். 1964 ஐப்பசியிலே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்பது என்று வைத்தார்கள். 1974இலே அந்த மிகுதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் கேட்டுப் பிரிக்கவில்லை. 1964 மார்கழிப் புயலிலே தனுஷ்கோடியே அழிந்து போனது. இறுதியில் 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியது.

தாத்தாவும் அவருக்குப் பின் வந்து சேர்ந்த தம்பியும் ஒரே கடையிலே வேலை செய்தவர்கள். தாத்தா இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். தம்பி இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். தம்பி நீலகிரியிலே குடியேறினார். அங்கே அவரைச் 'சிலோன்காரன்' என்றார்களாம். "இங்கே உங்களை என்னவென்றார்கள் தாத்தா?" என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார். தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கள்ளத்தோணி என்பார்கள். டிக்கட் வாங்கிக் கப்பலிலே வந்தவன் நான்" என்றார். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" "சிரித்தேன் தம்பி. வேறே என்ன செய்ய? மறுநாள் தொடக்கம் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை."

சபையோர்களே, இங்கேதான் நாங்கள் தலைகுனிந்தோம். காரணத்தைச் சொல்லுகின்றோம்.

சென்ற வருடம் நம் சங்கத்து ஞாயிறு வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். பதினேழு வயதிருக்கும். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து புறக்கோட்டையிலே ஒரு கடையில் வேலை. கடையின் மேற்றட்டிலேதான் படுக்கை. வரவுப் புத்தகத்தோடு எங்களில் ஒருவர் நின்றதைக் கண்டு, "அண்ணே, பெரட்டுக்கு நானும் பேரு குடுக்கணுமா?" என்று கேட்டான். தோட்டத்திலே காலையில் ஆட்கணக்கு எடுப்பதுதான் பெரட்டு. அவன் அறிந்த சொல்லைச் சொன்னான். நாங்கள் சிரித்துவிட்டோம். எங்களில் ஒருவர், 'தோட்டக்காட்டான்' என்று சொல்லவும் செய்தார். அவர் யாரென்று சொல்லமாட்டோம்; அறுவரும் சிரித்தோம், ஆகையால் அறுவரும் சொன்னதாகவே கொள்ளுங்கள்.

சொன்னவர் குடியிருப்பது கொட்டாஞ்சேனையிலே நெருக்கமான ஒரு வரிசை வீட்டிலே. அத்தகைய குடியிருப்பைச் சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். அதற்குப் பொருளும் தோட்டம்தான்.

அந்தப் பையனும் சிரித்தான். வகுப்பு முடியும்வரை பின் வரிசையிலே இருந்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அப்பொழுது நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. "சிரித்தேன் தம்பி" என்று தாத்தா சொன்ன அன்றுதான் அந்த முகம் எங்களுக்கு நினைவு வந்தது. மறுநாளே அந்தக் கடைக்குப் போனோம். "அவன் போய் இரண்டு மாதமாகிறதே" என்றார்கள். ஊரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. சங்கத்துக்கு வந்து வரவுப் புத்தகத்தைப் புரட்டினோம். அந்த ஞாயிறு எல்லாருடைய பெயரும் இருந்தது. அவன் பெயர் இல்லை. நாங்கள் சிரித்த சிரிப்பிலே அதை எழுத மறந்துபோயிருந்தோம்.

மிஷன் பாடசாலையிலே எங்களுக்கு வேதாகமம் படிப்பித்த ஆசிரியர், மோசே இசுரவேலருக்குக் கொடுத்த கட்டளை ஒன்றை அடிக்கடி விளக்குவார். அந்நியனை ஒடுக்காதிருக்கும்படி சொல்லும்போது, நீங்களும் எகிப்திலே அந்நியராய் இருந்தவர்கள் அல்லவா என்று காரணமும் அங்கே காட்டப்படுகிறது. பரீட்சையிலே அதை எழுதி நல்ல புள்ளியும் பெற்றிருக்கிறோம். நமது வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார்; அதையும் மனனம் செய்து இச்சங்கத்திலேயே பரிசு வாங்கினோம். சுவாமி விவேகானந்தர் 1893இலே சிக்காகோவில் போக்கிடம் அறியாது தெருவோரத்தில் அமர்ந்திருந்தபோது, ஹேல் குடும்பத்து அம்மையார் ஒருவர் கண்டு தம் வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். அந்த அம்மையார் சுவாமிகளின் உடையைப் பார்த்துச் சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1897 தை மாதம் சுவாமிகள் கொழும்பிலே வந்திறங்கியதைப் பெருமையாகப் பேசுகின்ற நாம், இதையும் எண்ண வேண்டும்.

மேலும் ஒன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் வகுப்புத் தோழர் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். எங்களிலும் இருவர் விண்ணப்பித்திருக்கிறோம். நாளைக்கு நாங்களும் ஏதோ ஒரு நகரத்திலே, குளிரிலே, தெரியாத பாஷையிலே, தவறான சொல்லைச் சொல்லி நிற்போம். அங்கே ஒருவர் சிரிக்காமல் எங்கள் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதானே விரும்புவோம்?

புறக்கோட்டைக் கடைகளின் மேற்றட்டுகளிலே இன்றைக்கும் பாய் விரித்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹற்றனிலிருந்தும் பதுளையிலிருந்தும் பலாங்கொடையிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். அவர்களுக்குக் கடல் இல்லை. மற்றவையெல்லாம் தாத்தாவுக்கு இருந்தவைதான். மலைக்குளிரிற் பிறந்த அவர்கள் இப்பொழுது கொழும்பு வெக்கைக்குப் பழகுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

ஆகையினால் சங்கத்துப் பெரியோர்களை இளைஞர் பிரிவின் சார்பிலே நான்கு விஷயங்கள் கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது, நம் வாசிகசாலை மாலை ஆறு மணிக்கு மூடப்படுகிறது; கடைப் பையன்களுக்கு வேலை முடிவதோ அதற்கும் பிந்தி. ஞாயிறும் போயா நாளும் இரவு ஒன்பது வரை திறந்துவைக்க வேண்டும்; சாவியை நாங்கள் பொறுப்பேற்கிறோம். இரண்டாவது, பேச்சுச் சிங்கள வகுப்பு ஒன்று வேண்டும். கற்பிக்க இத்தெருவிலேயே சிங்கள நண்பர் ஒருவர் இசைந்திருக்கிறார். மூன்றாவது, பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க ஒரு மேசையும் இரண்டு கதிரையும் வேண்டும். நாங்கள் முறைவைத்து அமர்வோம். காகிதம் இல்லாமையால் ஒரு சமூகம் பட்ட பாட்டைக் கேட்டபின் இதைச் செய்யாதிருக்க எங்களால் இயலாது.

நான்காவது, செலவில்லாதது. அந்த ஒரு சொல், இந்த மண்டபத்திலே இனி எவர் வாயிலிருந்தும் வரக்கூடாது. அதைச் சொன்னவர்கள் நாங்கள். ஆகையால் நிறுத்துகிறவர்களும் நாங்களாகவே இருக்க வேண்டும்.

'இது கடைக்காரர் சங்கமன்று, சமயச் சங்கம்' என்று பெரியோருட் சிலர் எண்ணலாம். அவர்களுக்கு மறுமொழி சொல்ல எங்களுக்கு வயது போதாது. தாத்தா சொன்னதை மாத்திரம் சொல்லுகின்றோம். வந்த முதலாம் வருடம் ஆடிவேல் விழாவன்று, தேருக்குப் பின்னாலே செட்டியார் தெருவிலிருந்து நடந்தாராம். கூட்டத்திலே யாரோ ஒரு தாயார், "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்டு, கையிலே பிரசாதம் வைத்தாராம். அவர் யாரென்று தாத்தாவுக்கு இன்றுவரை தெரியாது. "அன்றைக்குத்தான் இந்த ஊரிலே இருந்துவிடலாம் என்று தோன்றியது" என்றார்.

இவ்வாண்டு முதல் வரவுப் புத்தகத்தின் முதற்பக்கத்திலே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். அந்தப் பையன் எங்கே இருந்தாலும், என்றைக்கு வந்தாலும், முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்போம். பிறகு பெயரைக் கேட்டு அங்கே எழுதுவோம். அவன் வராமலே போகலாம். ஆனால் அவனைப் போன்ற வேறொருவன் அடுத்த ஞாயிறு நிச்சயம் வருவான். அவன் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.